ரசம் குடித்த புளூபெர்ரி

திருப்பதியில் குடியிருப்பவர்கள் கோபத்தில் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே தீர வேண்டுமென்றால் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திறக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். ஆனால் கோபம் வரும்போது யாருக்குத் திசை தெரிகிறது? நகரியில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்தவள் நான். மெதுவாகப் பேசினால் என் பேச்சு எனக்கே காதில் விழாது.

எல்லாம் எங்கள் வீட்டுக்காரர் விஜயராகவனால் வந்த வினை. அவருக்குச் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை. கூழ் சரியான புளிப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு காகிதம் வைத்திருக்கிறார்கள். தோய்த்தால் நிறம் மாறும். சிவப்புப் பக்கம் போனால் புளிப்பு, நீலப் பக்கம் போனால் புளிப்பு செத்துவிட்டது என்று அர்த்தம். காலை பஸ்ஸில் போய்க் காகிதம் தோய்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுவார். பரம சாது. மீசை மட்டும்தான் பயில்வான் மீசை. தலையில் காதோரம் இரண்டு கொத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. மேலே விளையாததெல்லாம் மூக்குக்குக் கீழே விளைந்து கிடந்தது. அதற்குத் தனிச் சீப்பு, தனி எண்ணெய், மிஷின் வேறு. என் கூந்தலுக்குக்கூட நான் அவ்வளவு செய்ததில்லை.

சித்தூர் ஜில்லாவில் பிறந்துவிட்டு, மாம்பழத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன் இவர் ஒருவராகத்தான் இருக்கும். வருஷக்கணக்காக அந்த வாசனையிலேயே கிடந்து வெறுத்துப் போய்விட்டது. ஒரு நாள் செல்போனில் யாரோ தொட்டியில் புளூபெர்ரி வளர்ப்பதைப் பார்த்தார். போச்சு. அன்றே ஆர்டர் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்து நீளமாக ஒரு அட்டைப் பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு குச்சி.

"இன்னாய்யா இது? தொடப்பத்துல ஒரு ஈக்குச்சிய உருவி அனுப்பிச்சிட்டானா?"

"புளூபெர்ரிடி. இந்தப் பக்கம் எவன்கிட்டயும் கெடையாது."

"ஏன் கெடையாதுன்னு யோசிச்சியா?"

அவர் யோசிக்கவில்லை. மொட்டை மாடியில் பெரிய மண்தொட்டி வாங்கி வைத்துக் குச்சியை நட்டார். அந்தச் செடிக்கு மண் புளிப்பாக இருக்க வேண்டுமாம். நம் ஊர் மண்ணும் புளிப்பில்லை, போர் தண்ணீரும் புளிப்பில்லை. என்ன செய்வது என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். மோரில் தோய்த்தார், எலுமிச்சை ஊறுகாயில் தோய்த்தார். நான் இறக்கி வைத்த ரசத்தில் தோய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, இதான்! இதே அளவுதான்!" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என் சமையலைப் புகழ்கிறார் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். மனுஷன் சொம்போடு மாடிக்குப் போய்விட்டார்.

உப்பு செடிக்கு ஆகாதாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு ரசம். உப்பு போட்டது எங்களுக்கு, போடாதது செடிக்கு. சில நாள் ஞாபக மறதியில் மாறிப் போகும். செடி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், தெருவுக்கே கேட்கும்படி.

ஒரு வருஷம் போய் இரண்டாவது வருஷம் வந்தது. குச்சியில் இலை வந்தது, கிளை வந்தது, பழம் மட்டும் வரவில்லை. பெங்களூரில் இருக்கிற எங்கள் மகள் ஹரிதா ஃபோன் செய்யும்போதெல்லாம், "நைனாவ திட்டாதம்மா, பாவம்" என்பாள். ரசம் வைக்கிறவள் பாவம் என்று யாரும் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் சிவராத்திரிக்கு முந்தின நாள் வீட்டு ஓனர் சந்திரம்மா மாடியில் வடாம் பிழிந்து காய வைத்தாள். கீழ்வீட்டில் இருக்கிறவள், தெலுங்குக்காரி. நல்லவள்தான், ஆனால் நாக்கில் மிளகாய் அரைத்து வைத்திருப்பாள். அன்று பார்த்து எங்கள் வீட்டுக்காரர் ஒரு குண்டான் நிறையப் புளித்தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார். அது அடியில் வழிந்து, சரிவில் ஓடி, வடாம் துணி முழுக்கப் பரவிவிட்டது.

"ஏமம்மா காஞ்சனா! மேல வந்து பாரு! என் வடியாலு எல்லாம் புளியோதரை ஆயிடுச்சி!"

ஓடினேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினேன், சத்தியமாக.

"இந்தக் குச்சியில பண்டு வருதுன்னு யார் சொன்னது? நேரேடு பண்டு, அதான் உங்க நாவப்பழம், கிலோ கணக்குல பஜார்ல கெடைக்குது. வாங்கித் துன்னக் கூடாதா? கூழ் பாத்துப் பாத்து உன் புருஷனுக்கு மூளையும் கூழாப் போச்சி!"

மூளை கூழாகிவிட்டது என்று அன்று காலையில் நானே அவரைத் திட்டியிருந்தேன். நான் திட்டலாம். தாலி கட்டிக்கொண்டு, இரண்டு ரசம் வைத்து, உப்பில்லாததைக் குடித்தவள் திட்டலாம். வீட்டு ஓனர் திட்டலாமா? எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"யார் மூளை கூழு? எங்க ஊட்டுக்காரரு வெச்ச செடி காய்க்கும்! கங்கம்மா ஜாத்திரை முடியறதுக்குள்ள பழுக்கும்! பழுக்கலன்னா இந்தக் கூந்தல மலையில குடுத்துட்டு, மொட்டத் தலையோட வந்து உன் எதிர்ல நிக்கறேன். அந்த ஏழுமலையான் மேல சத்தியம்!"

சொல்லி முடித்த பிறகுதான் என் கை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். நேராக மலை. மேகம் இல்லை, மறைப்பு இல்லை, அப்படித் துலக்கி வைத்தாற்போல நின்றது.

சந்திரம்மா கோபத்தை எல்லாம் விட்டுவிட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "கோவிந்தா!" என்றாள். ரிஜிஸ்டர் ஆபீசில் முத்திரை குத்தினாற்போல ஆகிவிட்டது.

மே மாசம் ஜாத்திரை நடக்கிற எங்கள் ஊர் அம்மன் கங்கம்மா, பெருமாளுக்குத் தங்கச்சி என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அண்ணன் மேல் சத்தியம் செய்து, தங்கச்சி பேரில் கெடு வைத்தேன் பாருங்கள். இனி எந்தப் பக்கமும் தப்ப வழியில்லை.

என் கூந்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை; சரி, பெருமைக்காகத்தான். பின்னிவிட்டால் இடுப்புக்குக் கீழே தொங்கும். நிறமும் எடுப்பில்லை, மூக்கும் எடுப்பில்லை. பல் முன்னால் வந்து விசாரிக்கும். பெண் பார்க்க வந்த அன்று நான் காபி கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனபோதுதான் இவர் சரி என்றாராம். என்னிடத்தில் எனக்கே பிடித்தது அது ஒன்றுதான். அதைப் போய் ஒரு குச்சிக்காகப் பந்தயம் வைத்துவிட்டேனே என்று அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். "எனக்காவா சொன்ன?" என்றார். "இல்ல, சந்திரம்மாவோட வடாத்துக்காக" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனார்.

மறுநாளிலிருந்து அந்தச் செடிக்கு நான் மாமியாருக்குச் செய்யாத பணிவிடை எல்லாம் செய்தேன். புளியைக் கரைத்து, திப்பியில்லாமல் வடிகட்டி, ஆற வைத்து ஊற்றினேன். அது குளிர் தேசத்துச் செடி என்று தெரிந்ததும் ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ்கட்டி முழுவதையும் தொட்டியைச் சுற்றி அடுக்கினேன். வெயிலுக்கு என் பழைய புடவையைப் பந்தலாகக் கட்டினேன். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. இருந்திருந்தால் அதுவும் மாடிக்குப் போயிருக்கும்.

பங்குனி பிறப்பதற்குள் பூத்துவிட்டது. குட்டிக் குட்டி மணியைக் கவிழ்த்தாற்போல வெள்ளைப் பூ. நான் சந்தோஷத்தில் குதித்தேன். அவர் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூவுக்குள் இருக்கிற மகரந்தம் தானாக விழாதாம். தேனீ வந்து ரீங்காரம் பண்ணி உதறினால்தான் விழுமாம். எங்கள் மாடிக்குக் கொசுதான் வரும்.

"நீயே ரீங்காரம் பண்ணுய்யா" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். மனுஷன் கீழே ஓடிப் போய் மீசை வெட்டுகிற மிஷினை எடுத்து வந்தார். அதை ஓடவிட்டு ஒவ்வொரு பூக்காம்பிலும் மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தார். கொர்ர் என்று சத்தம். சந்திரம்மா படியில் பாதி ஏறி வந்து பார்த்தாள். ஒரு ஆண்பிள்ளை செடிக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போய்விட்டாள்.

ஆனால் காய் பிடித்தது! பச்சையாக, சுண்டைக்காயில் பாதி அளவுக்கு, ஒரு கொத்து. அதில் பாதியைக் கொண்டைக்குருவி கொண்டு போயிற்று. மிச்சத்தை மலையடிவாரத்து அலிபிரி பக்கத்திலிருந்து வந்த ஒரு குரங்கு பறித்து, கடித்துப் பார்த்து, என் முகத்தைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போயிற்று. இலைக்கு அடியில் மறைந்திருந்த ஒரே ஒரு காய்தான் தப்பியது. அதன் மேல் டீ வடிகட்டியைக் கவிழ்த்து நூலால் கட்டினேன். டீயைத் துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

"கைய மட்டும் வெக்காத. தொட்டா காம்பு ஒடிஞ்சிடும்" என்று அவர் சொல்லியிருந்தார். நான் மூச்சுக்கூட அதன் மேல் படாமல்தான் பார்த்தேன்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. காஞ்சனாவின் கூந்தல் ஒரு பழத்தில் தொங்குகிறது என்று எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். காயைப் பார்ப்பார்கள், அப்புறம் என் தலையைப் பார்ப்பார்கள். கண் படுமா படாதா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்குள் மே மாசம் வந்து ஜாத்திரையும் வந்துவிட்டது. ஜாத்திரை வாரத்தில் ஊரே நாளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு கங்கம்மாவைப் பார்க்கப் போகும். வேஷக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அம்மனையே திட்டுவார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதுதான் வழக்கம். ஒரு நாள் சுண்ணாம்புக் குண்ட; குண்ட என்றால் தெலுங்கில் பானை. ஓட்டை போட்ட மண்பானைக்குச் சுண்ணாம்பு பூசி, புள்ளி வைத்து, தலையில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். இந்த வருஷம் நானும் தூக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். பானைக்குப் பூசியது போகச் சுண்ணாம்பு நிறைய மிஞ்சிவிட்டது. வீணாக்குவானேன்? செடித் தொட்டிக்கும் வெள்ளையடித்து, கண் திருஷ்டி போக கறுப்பும் சிவப்புமாகப் பொட்டு வைத்தேன். அம்மன் மாதிரியே இருந்தது. எறும்பு அண்டாமல் இருக்கட்டும் என்று மீதிச் சுண்ணாம்புத் தண்ணீரை வேரிலேயே விட்டேன். எங்கள் ஊரில் தென்னைக்கு அடியில் எல்லாரும் செய்வதுதானே.

சாயங்காலம் அவர் மாடி ஏறினார். கையிலிருந்த டிபன் கேரியர் கீழே விழுந்தது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஈர மண்ணில் அழுத்தினார். நல்ல நீலம்.

"பாத்தியா, நீலமாயிடுச்சி!" என்று கை தட்டினேன். "நீலப்பழம்தான வேணும்?"

அவர் இதுவரை என்னை ஒரு வார்த்தை அதட்டியவர் இல்லை. அன்று வாயைத் திறந்தார் பாருங்கள். "அறிவிருக்குதாடி ஒனக்கு? ரெண்டு வருஷமா ரசம் ஊத்தி ஊத்தி புளிக்க வெச்ச மண்ணு! ஒரு குண்டான் சுண்ணாம்பக் கொட்டி சாவடிச்சிட்டியேடி! புளிக்கு எமனே சுண்ணாம்புதான்டி, மக்கு, மண்டு, தறிகெட்ட..." அங்கே மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்த்தார். குரலை இறக்கி, "ஜாத்திரை இல்ல? திட்டுனா கோச்சிக்கக் கூடாது" என்றார்.

எனக்குக் கோபமே வரவில்லை. அழுகைதான் வந்தது. இரண்டு பேருமாகச் செடியைப் பெயர்த்து, வேரைக் கழுவி, சுண்ணாம்பு படாத மண்ணில் புளி பிசைந்து வேறு தொட்டியில் வைத்தோம். அவர் வடிகட்டியோடு காயைப் பிடித்துக்கொண்டார், நான் வேரைப் பிடித்துக்கொண்டேன். பிரசவம் பார்த்தாற்போல இருந்தது.

அதற்கப்புறம் இலை பழுத்துக்கொண்டே வந்தது, காய் பழுக்கவில்லை. வடிகட்டிக்கு மேலிருந்து தினமும் எட்டிப் பார்ப்பேன். காயைப் பார்க்கவே பயந்து, அவர் என்னிடம்தான் நிறம் கேட்பார். காம்படியில் சிவப்பு. நேற்றும் சிவப்பு, இன்றும் சிவப்பு. ஜாத்திரையின் கடைசி நாளும் வந்தது. அவர் விடிவதற்கு முன்பே, "வேல கீது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மத்தியானம் போய்ப் பார்த்தேன். சிவப்பு.

சரி, சொன்ன சொல் சொன்னதுதான். மாடியிலேயே உட்கார்ந்து தலையை அவிழ்த்து எண்ணெய் வைத்தேன். சிக்கெடுத்து, கடைசியாக ஒரு முறை பின்னிக்கொள்ளலாம் என்று பார்த்தால் பின்னல் கோணலாகப் போயிற்று. அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

சந்திரம்மா மேலே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏமே, அழாதே. பொம்பளைங்க மூணு கத்தரி குடுத்தா போதும். நுனியில மூணு தடவ கத்தரிச்சி விட்டா பெருமாள் ஒத்துக்குவார். நானே அப்படித்தான் குடுத்தேன்."

சரி அக்கா என்று அவள் காலைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் வாய் இருக்கிறதே! "நான் மூணு கத்தரின்னா சொன்னேன்? மொட்டைன்னு சொன்னேன். காஞ்சனா சொன்னா சொன்னதுதான்!"

"நல்ல பொம்பளம்மா நீ" என்று அவள் தலையில் அடித்துக்கொண்ட அதே நேரத்தில் படியில் யாரோ ஏறி வந்தார். யாரோ ஒரு ஆள். தலையில் பளபளவென்று சந்தனம் பூசியிருந்தது. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. சின்ன உதடு, பால் குடிக்கிற குழந்தை மாதிரி.

"யாருய்யா நீ? கேக்காம மாடிக்கு வர்ற?" என்று எழுந்தேன்.

"நான்தான்டி" என்றது உதடு. குரல் எங்கள் வீட்டுக்காரருடையது.

சந்தனத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "மலைக்குப் போயிருந்தேன். அவ கோவத்துல சொல்லிட்டா சாமி, அவளுக்குப் பதிலா என்னுத எடுத்துக்கோன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"உன்னுது இன்னாய்யா இருந்திச்சி? காதோரம் ரெண்டு கொத்து! அத என் கூந்தலுக்கு ஈடுன்னு பெருமாள் ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க மாட்டாருன்னுதான் மீசையும் சேத்துக் குடுத்தேன்."

அந்த மீசையை எனக்குத் தெரியும். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அதற்கு எண்ணெய் வைத்த மனுஷன். இந்த மனுஷன் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அய்யோ, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாம் இல்ல, படுபாவி!" என்று அழுதுகொண்டே கத்தினேன். சந்திரம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் செடிக்குப் பக்கத்தில் குந்தினார். நூலை அவிழ்த்து வடிகட்டியை எடுத்தார். "பாவம், இது இன்னா பண்ணும்" என்று சொல்லிக்கொண்டே விரல் நுனியால் காயை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

அடிப்பக்கம் முழுக்க நீலம். சாம்பல் பூத்த நல்ல நீலம். தொட்ட மாத்திரத்தில் காம்பிலிருந்து கழன்று அவர் கையிலேயே விழுந்துவிட்டது.

"காம்புப் பக்கம்தான்டி கடைசில நெறம் மாறும்" என்றார் மெதுவாக. "நீ மேலர்ந்தே பாத்துக்கினு இருந்தியா?"

"நீதான தொடாதன்னு சொன்ன!"

"நான் கைதான வெக்காதன்னேன். குனிஞ்சி பாக்காதன்னு சொன்னனா?"

அது எத்தனை நாளாகப் பழுத்திருந்ததோ, கங்கம்மாவுக்குத்தான் வெளிச்சம். மூன்று பேரும் அந்தப் பழத்தையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். சந்திரம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு சாட்சி சொல்ல வேண்டியவள் தானென்றும், ருசி பார்க்காமல் பழம் என்று ஒத்துக்கொள்ள முடியாதென்றும் சொன்னாள். பிளேடு கொண்டு வந்து மூன்றாக அறுத்தேன். ஒரு துணுக்கைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்ட சந்திரம்மாவின் முகம் அஷ்டகோணலாகப் போயிற்று.

"பண்டுதான், ஒத்துக்கறேன். ஆனா சாட்சாத் ரசம்மா இது. உப்பு ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள்.

அவள் இறங்கிப் போனதும் அவரைப் பார்த்தேன். "பழம் பழுத்துப் போச்சி. என் முடியும் தப்பிச்சிது. உன் மீசதான்யா வீணாப் போச்சி" என்றேன்.

"வீணா ஒண்ணும் போவல" என்றார் அவர், இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு. "அட்வான்ஸா இருக்கட்டும்னு சாமிகிட்ட அப்பவே சொல்லிட்டேன். உன் வாய்தான, அடுத்த வருஷம் சும்மாவா இருக்கப் போவுது?"

எனக்கு வந்ததே கோபம்! வாயைத் திறந்தேன். எதிரே மலை, துலக்கி வைத்தாற்போல. வாயை மூடிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் நகர்த்தி, மலைக்கு முதுகைக் காட்டி நன்றாகத் திரும்பி நின்றுகொண்டு, அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தேன்.